இரண்டாவது கேமராவின் நீலம்

மாப்பிள்ளை நீலமாக இருக்கிறார். லேசான நீலம் என்றால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். இது மூன்று நாள் ஐஸ்பெட்டியில் வைத்திருந்துவிட்டு, முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது எழுந்திரப்பா என்று மணவறையில் கொண்டுவந்து உட்காரவைத்த நீலம். பெண்ணும் நீலம். ஐயரும் நீலம். ஓமகுண்டத்து நெருப்புகூட கேஸ் அடுப்பு மாதிரி எரிகிறது. முதல் கேமரா, அதாவது அப்பா பிடித்த கேமரா, அதில் எல்லோரும் மஞ்சளும் குங்குமமுமாக நன்றாகத்தான் இருக்கிறார்கள். தாலி கட்டுகிற நொடியில் அதை வெட்டி இரண்டாவது கேமராவுக்குப் போனால் ஒரு குடும்பமே கூண்டோடு விஷம் குடித்துவிடுகிறது. திரும்ப அப்பா கேமராவுக்கு வந்தால் பிழைத்துக்கொள்கிறார்கள். முப்பது தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். சாகிறார்கள், பிழைக்கிறார்கள், சாகிறார்கள், பிழைக்கிறார்கள். எட்டாவது தடவை வரை எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் கெமிஸ்ட்ரி சார் குரலில், மூக்கால், "மாணாக்கர்களே, லிட்மஸ் தாள் நிறம் மாறுவதை உற்று நோக்குக" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ஒன்பதாவது தடவை சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் இந்த நீலத்தைச் செய்தவன் நான். இது எனக்கும் இந்த மானிட்டருக்கும் மட்டும்தான் தெரியும், மானிட்டர் வாய் திறக்காது, நான் திறப்பேனா என்பதுதான் இப்போது பகல் பன்னிரண்டு பத்துக்கு இந்த மாடியறையில் இருக்கிற ஒரே பிரச்சினை. கீழே பரோட்டாக் கடையில் கொத்துகிறார்கள். டக்கு டக்கு டக்கு. அந்தத் தாளம்கூட எனக்கு வாயில் வரும். எனக்கு வராத சத்தம் இந்த அருப்புக்கோட்டையில் இல்லை.

கண்டக்டர் வரும். கோயில் மைக்செட்காரர், "ஹலோ மைக் டெஸ்டிங், சிவப்பு மாருதி கார் ஓனர் உடனடியாக வண்டியை எடுக்கவும்", அவர் வருவார். பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் அத்தை கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவது வரும், அது கஷ்டம், தாடையை ஒரு பக்கமாகத் தள்ள வேண்டும். அப்பா குரல் மட்டும் எனக்கு வராது என்று எல்லோரும் நம்புகிறார்கள். மாசிலாமணி குரலா, அதெல்லாம் வெண்கலக் குரல், செம்பியனுக்குச் சத்தியமாய் வராது என்பார்கள், அம்மாகூட அப்படித்தான். வரும். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பழகியிருக்கிறேன். முதலில் தொண்டையை ஒரு செருமல், பிறகு கூப்பிடுகிற பேரின் கடைசி எழுத்தை ஓர் இழுப்பு, பிறகு ஏதோ ரயில் கிளம்பப் போகிற மாதிரி அவசரம். யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். ஏதாவது பெரிய காரியத்துக்கு ஆகும் என்று. பெரிய காரியம்! முந்தாநாள் இந்தக் கல்யாணத்தில், மேடைக்குப் பின்னால், ஜோடனைத் துணிக்கு அந்தப்புறம், கையில் ஓர் உளுந்த வடையோடு நின்றுகொண்டிருந்தேன். இந்தப்புறம் தனபால் அண்ணன், எங்கள் மணி வீடியோவின் இரண்டாவது கேமராக்காரர், பத்தொன்பது வருஷமாக அந்த இடத்திலேயே இருக்கிறவர், "யாராச்சும் ஒரு வெள்ளைப் பேப்பர் குடுங்கப்பா, ஒரே ஒரு வெள்ளைப் பேப்பர்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கேமரா ஒரு அப்பாவிப் பிராணி. படம் பிடிக்கிறதுக்கு முன்னால் அதற்கு ஒரு வெள்ளையைக் காட்டி, பட்டனை அமுக்கி, பார்த்துக்க இதுதான் வெள்ளை என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அதை நம்பித்தான் மற்ற எல்லா நிறத்தையும் அது முடிவுசெய்யும். பழுப்பைக் காட்டி வெள்ளை என்றாலும் நம்பும். அப்படி நம்பிவிட்டால் உலகம் முழுக்க நீலத்தை ஊற்றி அந்தப் பழுப்பை வெள்ளையாக்கிவிடும். துணி இடுக்கில் பார்த்தேன், அவர் பக்கத்து நாற்காலியில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. கிடந்ததா? கிடந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது வழக்கம்தான், இந்த வீட்டுக்காரர்கள் மனசு தாராளம், பின்பக்கம் பூராவும் பூசி வைத்திருந்தார்கள். நான் செருமினேன். "தனபாலூ! நேரமாச்சு, அந்தப் பத்திரிகையையே திருப்பிப் பிடிடா!" அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரிண்ணே" என்றார். பிடித்தார். அமுக்கினார். பத்து நிமிஷத்தில் போய்ச் சொல்லிவிடலாம், ரெண்டு பேரும் சிரிக்கலாம், முதுகில் ஓர் அடி வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன், ஆண்டவன் சாட்சியாக. அப்போது பாயசம் வந்துவிட்டது. இதுதான் உண்மை. நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "ஆக, எதிரி பாயசத்தின் காரணமாகக் குற்றத்தை மறந்துவிட்டதாகச் சொல்கிறார்?" ஆமாங்கையா. பால் பாயசம்ங்கையா. முந்திரி வேற.

சரி, வேலையைப் பார். வேலை என்ன? வெள்ளையைக் கண்டுபிடிக்கிற வேலை. கம்ப்யூட்டரில் ஒரு சொட்டுக்குழாய் படம் இருக்கிறது, அதைக் கொண்டுபோய்ப் படத்தில் எது நிஜத்தில் வெள்ளையோ அதன்மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும், மற்ற நிறமெல்லாம் அது அது தன்னிடத்துக்கு ஓடிவந்துவிடும். அரை நிமிஷ வேலை என்று நினைத்தேன். கல்யாணத்தில் வெள்ளைக்கா பஞ்சம்? பெண்ணின் பெரியப்பா வேட்டி. என்ன வெள்ளை, கண்ணைப் பறிக்கிறது. வைத்து அழுத்தினேன். மொத்த மண்டபத்துக்கும் மஞ்சள்காமாலை. மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் போலிருந்தது. ஏன்? ஏன் என்றால் பெரியப்பா வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருக்கிறார்கள், தாராளமாக. துவைத்த வேட்டிக்கு நீலம் போட்டால்தான் வெள்ளை என்று நாம் ஒத்துக்கொள்கிறோம், ஆனால் கம்ப்யூட்டருக்கு நீலம் நீலம்தான், அதைச் சரிக்கட்ட ஊர்மேல் மஞ்சளைக் கொட்டுகிறது. சரி, மாமன் வேட்டி. அவர் வீட்டில் நீலம் கொஞ்சம் கம்மி, ஆகவே காமாலையும் கொஞ்சம் கம்மி. மாப்பிள்ளை வேட்டி பட்டு, சந்தன நிறம், தொடவே முடியாது. இந்த வரிசையில் யார் வீட்டில் எத்தனை சொட்டு விடுகிறார்கள் என்று என்னால் இப்போது பட்டியல் போட முடியும். மல்லிகைப்பூ? உற்றுப் பார்த்தால் பச்சை. பெண்ணின் சித்தி சிரிக்கிறாள், பல் தெரிகிறது, அங்கே வைத்து அழுத்தினேன், மன்னிச்சிருங்க சித்தி, வெத்திலை போடுவீங்கன்னு தெரியாது. பந்தியில் ஓர் இலையை நெருங்கிப் பிடித்திருக்கிறார் தனபால் அண்ணன், ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு. உப்பு! இதைவிட வெள்ளை உண்டா? அழுத்தினேன். எல்லோரும் ரோஸ். இலையின் பச்சை உப்புமேல் அடித்திருக்கிறது, அதைக் கழிக்கப் போய் பந்தி முழுக்க அப்போதுதான் பிறந்த குழந்தைகள் மாதிரி வேட்டி கட்டிக்கொண்டு சாம்பார் கேட்கிறார்கள். ஒரு தமிழ்க் கல்யாணத்தில் வெள்ளை என்று ஒன்று கிடையவே கிடையாது, எல்லாவற்றின்மேலும் யாராவது எதையாவது தடவியிருக்கிறார்கள். சிரித்தேன். தனியாகச் சிரித்தால் இந்த அறையில் எதிரொலிக்கிறது. எதிரொலி நின்றதும் அந்தச் சத்தம் வந்தது. "சரிண்ணே." திரும்பாமலே சொன்ன அந்தச் "சரிண்ணே". இரண்டு நாளாக இது ஒன்று, பல்லில் மாட்டின மாங்காய் நார் மாதிரி. இந்த ஒரு குரலை மட்டும் என் வாய் எடுக்க மாட்டேன் என்கிறது.

நேற்று போட்டுப் பார்த்தபோது நானும் இந்த முக்காலியில்தான் இருந்தேன். அப்பா, "என்னடா இது, நீலமா?" என்றார். தனபால் அண்ணன், "நீங்கதானேண்ணே பத்திரிகையப் பிடிக்கச் சொன்னீங்க." "நானா? நான் எப்படா சொன்னேன்?" "மேடைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு." "முகூர்த்தம் முடியிற மட்டும் நான் மேடைக்கு முன்னாடியில்லடா நின்னேன்? ஓடவிட்டுப் பாரு, என் கேமரா எங்கே இருக்குன்னு." ஓடவிட்டார்கள். முன்னாடிதான் இருந்தது. தனபால் அண்ணன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், சட்டைப்பையில் சாவி இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அப்பா விடவில்லை. "சரி, காதுல என்னமோ விழுந்துச்சு. கண்ணு எங்கடா போச்சு? படம் நீலமா வர்றது தெரியலையா?" "தெரிஞ்சுச்சுண்ணே. நீங்க சொல்லியிருக்கீங்களேன்னு... நமக்குத்தான் கண்ணுல ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்." அந்த நேரம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். அன்னபாக்கியம் அத்தையின் கொட்டாவி வந்தது. அப்பா கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, ரொம்ப மெதுவாகப் பேசினார். "நாளன்னிக்குச் சாத்தூர்க் கல்யாணத்துல நீ லைட்டு பிடி தனபாலு. கேமராவுக்கு வேற ஆள் சொல்லிக்கிறேன். கண்ணுக்கும் ரெஸ்ட்டு." சாத்தூர்க் கல்யாணம் நாளைக்கு. தனபால் அண்ணன் இன்றைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அப்பா சாத்தூர் மண்டபத்தைப் பார்க்கப் போயிருக்கிறார், ரெண்டு மணிக்கு வருவார். "நீதான் இதுல கெட்டிக்காரனாச்சே, வர்றதுக்குள்ள ரெண்டு கேமராவையும் ஒண்ணாக்கி வையி" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். தலையை. தடவிவிட்டு.

பன்னிரண்டு ஐம்பது. காமாலை, ரோஸ், நீலம், காமாலை. கை தானாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணை ஒரு ஜோடி நிறத்திலேயே வைத்திருந்தால் சுவர்கூட நிறம் மாறுகிறது, வெளியே எட்டிப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டுக்கே ரோஸ் அடிக்கிறது, ஒருவேளை எனக்கும் கண் போய்க்கொண்டிருக்கிறதோ, போனால் நல்லது, ரெண்டு பேருமாகப் போய் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், நர்ஸம்மா வந்து, "ஏங்க, கண்ண மூடுங்கன்னா மூடணும், தெறக்கக் கூடாது", நர்ஸம்மா குரல் நான் கேட்டதில்லை, இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். அப்போதுதான் தவில்காரர் வந்தார். திரையில். ஜன்னலோரமாகச் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, வெளுத்துக் கட்டுகிறார். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, குழைத்துப் போட்டது, வெயிலில் காய்ந்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி கனமாக நிற்கிறது. சாம்பல். சாம்பலுக்கு நீலம் போடுவதில்லை. சாம்பலுக்கு மஞ்சள் தடவுவதில்லை. கடையில் சாம்பல் நிற அட்டை என்று ஒன்று விற்கிறார்கள், கேமராவுக்கு நிறம் சொல்லிக்கொடுப்பதற்கென்றே, அப்பா வாங்க மாட்டேன் என்கிறார், இங்கே ஒரு மனுஷன் அதை நெற்றியில் பூசிக்கொண்டு தவில் வாசிக்கிறார். சொட்டுக்குழாயை நடுப் பட்டையில் வைத்தேன். அழுத்தினேன். நீலம் போய்விட்டது. அப்படியே, பேசிக்கொண்டே இருக்கிற ஒருவர் பாதி வாக்கியத்தில் எழுந்து போகிற மாதிரி போய்விட்டது. மாப்பிள்ளைக்கு ரத்தம் வந்தது. நெருப்பு நெருப்பாயிற்று. இரண்டு கேமராவையும் மாற்றி மாற்றி வெட்டினேன், யாரும் சாகவில்லை.

குதித்தேன். முக்காலி விழுந்தது. மைக்செட்காரர் குரலில் மணி வீடியோ நிறுவனத்தாருக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி சொன்னேன். பிறகு முக்காலியை எடுத்து நிமிர்த்தி உட்கார்ந்தபோது மெதுவாக ஒன்று புரிந்தது. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. நீலமே இல்லை, பிறகு நீலத்தைச் செய்தவன் எங்கே இருப்பான்? ரெண்டு மணிக்கு அப்பா வருவார், பார்ப்பார், என் மகன் என்பார், பரோட்டா வாங்கித் தருவார். நாளைக்குச் சாத்தூரில் தனபால் அண்ணன் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், கேமராவில் வேற ஆள். நன்றாகத்தானே இருக்கிறது. கண்ணுக்கும் ரெஸ்ட்டு. லைட்டு கனம்கூட இல்லை. கனம்தான், ரெண்டு கிலோ இருக்கும், கை கடுக்கும், இருந்தாலும் எத்தனை பேர் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டுமே. ஒரு வருஷம் கழித்துச் சொல்லலாம். ஒரு வருஷம் கழித்துச் சொன்னால் தமாஷாக இருக்கும். இருக்குமா? "நமக்குத்தான் கண்ணுல ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்." தெரிந்திருக்கிறது அவருக்கு. சரியாகத் தெரிந்திருக்கிறது. நீலத்தை நீலம் என்று பார்த்த ஒரே கண்ணைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு, நான் இங்கே உப்பையும் பல்லையும் அழுத்திக்கொண்டிருக்கிறேன். பரோட்டாக் கடையில் கொத்துவது நின்றது. படியில் யாரோ சுவரைத் தடவிக்கொண்டு ஏறி வருகிற சத்தம்.

தனபால் அண்ணன்தான். கறுப்புக் கண்ணாடி. ஒரு கையில் மருந்துச்சீட்டு, மறுகை காற்றில் நாற்காலியைத் தேடுகிறது. "யாரு, செம்பியா? சொட்டு மருந்து ஊத்திவிட்டான்டா, எல்லாம் கஞ்சித்தண்ணிக்குள்ள இருந்து பார்க்கிற மாதிரி இருக்கு. உங்கப்பா வந்தாச்சா?" இல்லண்ணே. "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன், குரல் எங்கோ மேலே போய்விட்டது. "கண்ணு பளிங்கு மாதிரி இருக்குன்னுட்டாரு." "அப்ப நல்லதுதானேண்ணே!" "என்னடா நல்லது? அதுதான்டா பயமாயிருக்கு. கண்ணு நல்லாருக்குன்னா கோளாறு அதுக்கும் மேலல்ல இருக்கு." விரலால் நெற்றியைத் தட்டினார். "திங்கக்கிழமை காதுக்குச் சீட்டு வாங்கியிருக்கேன். அதுலயும் ஒண்ணுமில்லைன்னா மதுரைக்குப் போயித் தலையைப் படம் பிடிக்கணுமாம். என் சம்சாரம் அதெல்லாம் வேணாம், வேப்பிலை அடிச்சாப் போதுங்கிறா. ஒண்ணு கேட்கிறேன், சிரிக்கக் கூடாது. ஒரு ஆளு இல்லாத எடத்துல அவரு குரல் கேட்டா, அது என்னடா?" நான் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சிரிக்காதே என்று சொல்லி நான் சிரிக்காமல் இருந்தேன். "அண்ணே, அது வந்து" என்றேன், கண்டக்டர் குரல் வந்தது. செருமிக்கொண்டு, "அண்ணே" என்றேன், கெமிஸ்ட்ரி சார். "உனக்கு எப்பப் பார்த்தாலும் வெளையாட்டு" என்றார் அவர், கோபமில்லாமல், திரை இருக்கிற திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு. என் குரல் எங்கே இருக்கிறது? நான் சாதாரணமாக எப்படித்தான் பேசுவேன்? எந்தச் சுருதியில்? ஞாபகம் இல்லை. நேரே நிற்கிறது ஒரே ஒரு குரல்தான். கண்ணை மூடிக்கொண்டேன். செருமல். இழுப்பு. "தனபாலூ! நேரமாச்சு, அந்தப் பத்திரிகையையே திருப்பிப் பிடிடா!"

நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டார். "அண்ணே, வாங்கண்ணே, இப்பத்தான் வந்தேன், டாக்டர்..." கைகூட பாதி கும்பிட்டுவிட்டது. பிறகு நின்றார். கறுப்புக் கண்ணாடி மெதுவாக என் பக்கம் திரும்பியது. ஃபேன் ஓடுகிறது. கீழே யாரோ ஒருவன் சால்னா இன்னும் கொஞ்சம் கேட்கிறான். "இன்னொருக்கச் சொல்லு" என்றார். சொன்னேன், இந்தத் தடவை பாதிதான் அப்பாவாக வந்தது, மீதி யாரென்று தெரியாத ஒரு பதினேழு வயசுக் கீச்சு. "நாந்தாண்ணே. மேடைக்குப் பின்னாடி. சொல்லிடலாம்னுதான் இருந்தேன். பாயசம் வந்துருச்சு." தனபால் அண்ணன் உட்கார்ந்தார். காதைத் தொட்டார். நெற்றியைத் தொட்டார். பிறகு என்னமோ குக்கர் கிளம்புகிற மாதிரி உள்ளேயிருந்து ஒரு சத்தம், அழுகிறார் என்றுதான் நினைத்தேன், மனுஷன் சிரிக்கிறார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "டேய், டேய், தலையைப் படம் பிடிக்கப் போனேனேடா பாவி, வேப்பிலைக்கு ஆள் சொல்லிட்டாளேடா" என்று சிரித்துக்கொண்டே எட்டி என் முதுகில் வைத்தார் பாருங்கள் ஓர் அடி, கண் தெரியாதவர் குறி வைத்த அடியில்லை அது. அப்போதுதான் வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்தேன். ஹெல்மெட் கையில். எத்தனை நேரமாக நிற்கிறார் தெரியவில்லை, தன் குரலைத் தானே வெளியே நின்று கேட்டுவிட்ட ஒரு மனிதரின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "அந்தக் கடைசி இழுப்பு," என்றார் கடைசியில், "நான் அப்படியா இழுக்கிறேன்?" "ஆமாண்ணே" என்றார் தனபால் அண்ணன். அப்பா ஹெல்மெட்டை வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "தனபாலு, நாளைக்குக் கேமரா நீதான். இவன் லைட்டு. தாலி கட்டுற வரைக்கும் இவன் கையக் கீழ எறக்கக் கூடாது, வாயில பிளாஸ்திரி போட்டுக் கூட்டிட்டு வர்றேன்." அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார், குரல் எடுக்குமுன் செருமினார், செருமியவர் திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டார்.

"பிளாஸ்திரி இருக்கட்டும்ணே" என்றார் தனபால் அண்ணன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். கருவிழி இரண்டும் மருந்தில் அகலத் திறந்து, பூனைக்கு இருட்டில் விரிகிற மாதிரி, ஈரமாக, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பெண் குனிந்து தாலி வாங்குகிற இடத்தில் நான் படத்தை நிறுத்தியிருந்தேன். "மூக்கும் முழியும் ஒண்ணும் தெரியல. பொண்ணா மாப்பிள்ளையான்னுகூடத் தெரியல. ஆனா அங்கே நடுவுல இருக்கிற அந்த மொகத்துல இன்னும் பச்சை இருக்கு. மேடை டியூப்லைட்டுப் பச்சை. ஒரு மயிரிழை கொறைக்கச் சொல்லுங்க."

அப்பா குனிந்து பார்த்தார். நான் குனிந்து பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சுட்டியை வைத்து ஒரு மயிரிழை குறைத்தேன். பெண்ணின் கன்னத்தில் ரத்தம் வந்து நின்றது.